அழிக்கப்பட்ட நான்கு செய்திகள்

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங்கில் வயிற்றுப் பிள்ளையை வாரக் கணக்கில் எண்ணுகிறார்கள். லிப்டில் ஏறும் மலாய்ப் பெண்மணியும் சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவும் அம்மாவும் கேட்பது ஒன்றுதான்: எத்தனை வாரம்? திருச்சிக் கணக்கில் எனக்கு ஏழாம் மாதம். இங்கே இருபத்தொன்பது வாரம், மூன்று நாள். திருச்சியில் ஒரு நாளிதழில் ஒன்பது ஆண்டுகள் மாவட்டச் செய்திகளைத் திருத்தியவள் நான். இந்தத் துல்லியம் எனக்குப் பிடித்திருந்தது. ஊரில் ஏழாம் மாதம் என்றால் கை நிறைய வளையல், ஐந்து வகைச் சோறு, அதன்பின் பிறந்த வீடு. யாரும் அதை ஓய்வு என்று சொல்வதில்லை, ஆனால் அது ஓய்வுதான். அம்மா இறந்துவிட்டதால், வளையலை எடுத்துக்கொண்டு அப்பாவே இங்கு வருவதாக இருந்தது.

கிளினிக்கில் என் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது. இரண்டு முறை வயிறு இறுகிக் கல் போலானதையும் சொன்னேன். குறைமாதத்தில் பிறந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் நர்ஸ். இங்கே நர்ஸை மிஸி என்பார்கள். தூக்கம் எப்படி, வீட்டில் யார் உதவி என்றெல்லாம் மலாயில் கேட்டுவிட்டு, வீட்டில் ஏதும் கவலை உண்டா என்றும் கேட்டார். என் கணவர் சரவணன் ஆலையில் வெல்டிங் பரிசோதகர், என்னைவிட நன்றாக மலாய் பேசுவார். நான் வார்த்தை தேடுவதற்குள் அவர் இல்லை என்று சொல்லிவிட்டார். "ஜங்கான் ஸ்ட்ரெஸ் யா, புவான்," என்று மிஸி என் கையைத் தட்டினார். கவலைப்படக் கூடாதாம். அப்போது திருச்சியில் அப்பா பக்கவாதம் வந்து விழுந்து மூன்று நாள் ஆகியிருந்தது. என் கணவருக்கு அது தெரியும். எனக்குத் தெரியாது.

பிள்ளைத்தாய்ச்சியிடம் கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். என் அத்தை ஒருத்திக்கு அவள் அண்ணன் இறந்தது, பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழித்துத்தான் தெரிந்தது. சின்ன வயதில் அதைப் பாசம் என்று நினைத்திருந்தேன். எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் அந்த வாரம் திடீரென்று பூப்படமும் காலை வணக்கமும் மட்டுமே வந்தன. வம்பு இல்லை, சண்டை இல்லை. என்னை மட்டும் விட்டுவிட்டு இன்னொரு குழு தொடங்கியிருக்கிறார்கள். நாற்பது பேருக்குத் தெரிந்த செய்தி, அந்த மனிதரின் மகளுக்கு மட்டும் தணிக்கை செய்யப்பட்டது. அப்பா ஏன் பேசவில்லை என்று தம்பியிடம் கேட்டேன். செல்போன் ரிப்பேர் என்றான். மறுநாள் கேட்டேன். தூங்குகிறார் என்றான். கிளினிக்கிலிருந்து வந்த மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு, பழைய குழுவில் தம்பி தவறிப் போட்ட செய்திகள் வரிசையாக அழிந்தன. நான்கு. கடைசி ஒன்றை மட்டும் அழியும் முன் படித்துவிட்டேன்: அப்பாவை வார்டுக்கு மாத்தியாச்சு.

வயிறு இறுகியது. பத்து நிமிடத்தில் மறுபடியும். கணவர் ஆலைக்குள் இருந்தார். உள்ளே செல்போன் எடுத்துப் போக முடியாது. எதிர்வீட்டுத் தேவி அக்கா கதவைப் பூட்டாமலே என்னைக் காரில் ஏற்றினார். அவர் சா ஆ என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து இங்கே பாக்டரி வேலைக்கு வந்தவர். வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். சிக்னலில் வண்டி நின்றபோது கொதித்துவிட்டார்.

"அலமாக்! வயித்துல புள்ள இருந்தா தலையில மூளை இருக்காதா? சொல்லாம வச்சிருந்தா மட்டும் ஸ்ட்ரெஸ் இல்லையாமா?"

பிறகு தன் கதையைச் சொன்னார். மூத்தவன் வயிற்றில் இருந்தபோது பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நின்றபடியே வேலை. முதுகு வலிக்கிறது என்று சூப்பர்வைசரிடம் போயிருக்கிறார். "ஸ்ட்ரெஸ் வேணாம், ஹேப்பியா இருங்கன்னு படம் போட்ட பேப்பர் ஒன்னு குடுத்தான் லா. நாக்காலி குடுக்கல." பையன் முப்பத்திரண்டு வாரத்தில் பிறந்து மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தான். அதனால்தான் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டாராம். "ஆனா நாக்காலி குடுத்திருக்கலாம்ல?" என்றார் அக்கா.

ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுற்றி பெல்ட் கட்டினார்கள். பிள்ளையின் நுரையீரல் பலப்பட ஒரு ஊசி, வலியை அடக்க மாத்திரை. முப்பது வாரம்கூட முடியவில்லை, உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் லாபம் என்றார் டாக்டர். விமானம் ஏறும் பேச்சே கூடாது. சரவணன் ஆலைச் சட்டையோடு ஓடி வந்தார்.

"நீ டென்ஷனாகக் கூடாதுன்னு மிஸி சொன்னாங்கல்ல, அதான்..."

"டென்ஷனாகக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. எனக்கு எதுவும் தெரியக் கூடாதுன்னு சொல்லல. தம்பிக்குப் போன் போடுங்க."

தம்பி அழுதான். அழாமல் சொல்லச் சொன்னேன். எப்போது விழுந்தார், எந்தப் பக்கம், நினைவு இருக்கிறதா, டாக்டர் என்ன சொன்னார். "வலது கை வரலக்கா. பேச்சும் வரல. உயிருக்குப் பயம் இல்லன்னுட்டாங்க." நாலைந்து வரிச் செய்தி. இதைத் தாங்க மாட்டேன் என்றுதான் ஆறு நாள் என்னை வேவு பார்க்க வைத்திருக்கிறார்கள்.

இறுக்கம் அன்று மாலைக்குள் தணிந்தது. மாத்திரையா, படுக்கையா, தெரிந்துகொண்டதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. நான் சொல்வது வேறு. கர்ப்பிணியின் கவலையைக் குறைப்பது அவளுக்கு இடும் கட்டளை அல்ல, சுற்றியிருப்பவர்கள் செய்ய வேண்டிய வேலை. சிரி, நல்லதையே நினை என்று சொல்ல யாருக்கும் செலவில்லை. அரிசி மூட்டையைத் தூக்குங்கள். நாற்காலி போடுங்கள். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். அதன்பின் சரவணன் இரவு ஷிப்டை மாற்றிக்கொண்டு சமைத்தார், துணி துவைத்தார். தம்பி தினமும் மதியம் ஒரே ஒரு முறை அழைத்து, நல்லதோ கெட்டதோ, உள்ளதைச் சொன்னான். மகள் முப்பத்தெட்டாவது வாரத்தில் பிறந்தாள். பெட்டி தேவைப்படவில்லை.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது பிரசவம் அல்ல, ஆஸ்பத்திரிக்குப் போன அந்த முதல் பிற்பகல்தான். தம்பியிடம் பேசி முடித்ததும், போனை அப்பாவின் வாயருகே வைக்கச் சொன்னேன். ஏதோ சொல்ல முயன்றார், சொல் வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது, இழுத்து இழுத்து. இந்தப் பக்கம் பெல்ட்டில் கோத்த கருவி பிள்ளையின் இதயத் துடிப்பை அறை முழுக்க ஒலித்துக்கொண்டிருந்தது, குதிரை ஓடுவதுபோல. ஒரு காதில் திருச்சி, மறு காதில் ஜொகூர். சத்தத்தைக் குறைக்கட்டுமா என்று நர்ஸ் கேட்டார். வேண்டாம், இரண்டும் கேட்கட்டும் என்றேன்.