பொன்னாத்தாள் டீச்சரின் பொம்மைச் சந்தை

மடத்துக்குளம் ரத்தினசாமிக்கும் குப்பாயிக்கும் பிறந்த நாலு பெண்களில் கடைக்குட்டி பொன்னாத்தாள். மூத்தவர்கள் மூவரும் கரும்புக் காட்டுக்கே வாக்கப்பட்டுப் போனார்கள். இவள் மட்டும் குப்பாயியின் தம்பி, அதாவது இவளுடைய தாய்மாமன், உடுமலைப்பேட்டையில் கடை வைத்திருந்த தயவில் எட்டாவது முடித்து, ஆசிரியர் பயிற்சியும் முடித்தாள். அந்தத் தாய்மாமன் மகன் நாச்சிமுத்துவையே கட்டிக்கொண்டு, அவருக்குத் திருப்பூர்ப் பஞ்சு மில்லில் கணக்குவேலை கிடைத்தபோது கூடவே வந்து சேர்ந்தாள். வந்த மறு வருசம், ஐம்பத்தெட்டு என்று நினைவு, நகராட்சி ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆனாள். இனி ‘ஆனாள்’ என்று சொல்லக்கூடாது. ஊரே மரியாதை கொடுத்த மனுசிக்கு நாமும் கொடுப்போம்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் அப்போது கைவேலை வகுப்பு என்றால் தக்களி சுற்றுவதுதான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, கையில் ஆளுக்கொரு தக்களியும் ஒரு துண்டுப் பஞ்சும் கொடுப்பார்கள். நூற்க வேண்டும். பேசக் கூடாது. பொன்னாத்தாள் டீச்சரும் முதல் இரண்டு வருசம் அப்படித்தான் நடத்தினார். ஒரு நாள், தறிக்கார வீட்டுப் பையன் ஒருவன் தக்களியைக் கீழே வைத்துவிட்டு, “ஏனுங்க டீச்சர், ஊட்டுலயும் நூலு, இங்க வந்தாலும் நூலுங்களா?” என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் அவனுக்கு அடி விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் அடிக்கவில்லை. “நீ சொல்றதும் நாயந்தானே சாமி” என்றார்.

அடுத்த நாள் நொய்யல் ஓரத்துக் களிமண் வந்தது. அதற்கடுத்து சோளத்தட்டு, புளியங்கொட்டை, பனங்கொட்டை, தீப்பெட்டிக் கூடு. காசு கொடுத்து வாங்கியது ஒன்றுமில்லை. மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்தால் சிவப்பு, வெள்ளாவிக்காரர் கொடுத்த நீலத்தில் நீலம், செம்பருத்திப் பூவைக் கசக்கினால் ஒரு மாதிரி ஊதா. மைதா மாவில் காய்ச்சிய பசை. பிள்ளைகள் சட்டையெல்லாம் கறையாகி வீட்டுக்குப் போய் வாங்கிக்கட்டிக்கொண்டார்கள். ஆனாலும் மறுநாள் வகுப்புக்கு முதல் ஆளாக வந்து நின்றார்கள். தலைமையாசிரியர் சென்னியப்பன் நல்ல மனுசர்தான், பயந்த சுபாவம். “இன்ஸ்பெக்டர் வந்தா மட்டும் தக்களிய எடுத்துப் போடுங்கம்மா” என்று கேட்டுக்கொண்டார். இன்ஸ்பெக்டர் வந்த அன்று டீச்சர் தக்களியையும் வைத்தார். பக்கத்தில் தீப்பெட்டி ரயில் ஒன்றையும் ஓட விட்டார். அந்த அதிகாரி ரயிலைத்தான் பார்த்தார்.

அறுபத்தாறாம் வருசம் பங்குனியில் மூன்றாம் வகுப்புக்கு ஒரு பெரிய வேலை கொடுத்தார் டீச்சர். ஊர்ச் சந்தையை அப்படியே பொம்மையாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குத் தெரிந்த ஓர் ஆளைச் செய்ய வேண்டும். தக்காளிக்காரி, வளையல்காரர், கருவாட்டுக் கூடைக்காரி, கோழி விற்கிறவர், சும்மா சுற்றிப் பார்க்க வந்தவர். சோளத்தட்டில் உடம்பு, களிமண்ணில் தலை. உடுப்புக்கு என்ன செய்வது? திருப்பூரில் அதற்குப் பஞ்சமா? பனியன் கம்பெனிகளில் வெட்டிக் கழிக்கிற வேஸ்ட் துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கும்.

முதல் தடவை வேஸ்ட் துணி வந்தபோது வகுப்பே சண்டைக்களமானது. “அவளுக்குப் பெருசு, எனக்குச் சிறுசு!” என்று ஒன்று அழ, இன்னொன்று பிடுங்க. அதனால் டீச்சர் ஒரு வார்த்தை சொன்னார்: “அடுத்த வாட்டி கொண்டாரவங்க எல்லாம் ஒரே அளவா இருக்கற துண்டாப் பாத்து எடுத்துட்டு வாங்க கண்ணு.”

கரும்புக் காட்டில் வளர்ந்தவர் அல்லவா. பனியன் கம்பெனிக்குள் அவர் காலெடுத்து வைத்ததில்லை. அங்கே ஒரே அளவாக இருக்கிற துண்டு எதுவும் வேஸ்ட் ஆகாது என்பது அவருக்குத் தெரியாது.

அந்த வகுப்பில் முத்தாயி என்று ஒரு பெண். அப்பன் லிங்கசாமி, அப்துல் ரவூப் பாயின் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மத்தியானம் அப்பனுக்குச் சோற்றுப் போசியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவது முத்தாயியின் வேலை. அன்றைக்கும் போனாள். அப்பன் சாப்பிட்டுக் கை கழுவப் போயிருந்தான். கட்டிங் மேசையடியில் கந்தலும் கூளமுமாக ஒரு குவியல். அதற்குப் பக்கத்திலேயே வேஸ்ட் நாடாவால் கட்டிய இரண்டு கட்டு. அவிழ்த்துப் பார்த்தாள். ஒவ்வொரு துண்டும் அச்சில் வார்த்தது போல ஒரே அளவு. டீச்சர் கேட்டது இதுதானே! இரண்டு கட்டையும் காலிப் போசிக்குள் அமுக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள்.

அது வேஸ்ட் இல்லை. பனியனுக்குத் தைக்க வெட்டி வைத்த கைகள்.

டீச்சருக்கு அந்தத் துண்டுகளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. “அடி கண்ணு, பாவாடைக்குன்னே வெட்டினாப்பல இருக்குதே!” என்றார். அன்று மத்தியானமே மஞ்சளில் பாதி, நீலத்தில் பாதி முக்கிக் காயப்போட்டு, சாயங்காலத்துக்குள் சந்தைக்கே உடுப்பு மாட்டியாகிவிட்டது. தக்காளிக்காரிக்கு மஞ்சள் சேலை. கோழிக்காரருக்கு நீல வேட்டி.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கம்பெனியில் உடம்பு தைத்து முடித்த டெய்லர்கள் கை எங்கே என்று கேட்க, தேடாத இடமில்லை. மேசைக்குப் பக்கத்து ஆள், “நேத்து உன்ற புள்ள போசியோட ஓடுச்சே” என்று நினைவு சொன்னதும் லிங்கசாமி கத்தரியைப் போட்டுவிட்டுக் கிளம்பினான். நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தான். வாசல் வராந்தாவில் சந்தை காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பொம்மையை எடுத்து உடுப்பைத் திருப்பிப் பார்த்தான். தன் கத்தரி பட்ட துணி தனக்குத் தெரியாதா?

“டீச்சர், இது என்ற லாட்டுக் கைங்க.”

“என்னதுங்க?”

“கைங்க டீச்சர். பனியன் கை. டஜன் டஜனா உடம்பு கையில்லாமக் கெடக்குது அங்க.”

முத்தாயி அழ ஆரம்பித்தாள். அப்பன் அவளை அடிக்கக் கை ஓங்கியபோது டீச்சர் குறுக்கே வந்தார். “புள்ள மேல தப்பில்லீங்க. ஒரே அளவாக் கொண்டான்னு சொன்னது நான். வேற துணியில கை வெட்டிக்க முடியாதுங்களா?”

“முடியாதுங்க. அந்தச் சலவைத் துணி தீந்து போச்சு. சலவை மாறினா வெள்ளையும் மாறுமுங்க. உடம்பு ஒரு வெள்ளை, கை ஒரு வெள்ளையாப் போனா சரக்கு வாங்கறவங்க மூஞ்சில வீசுவாங்க.”

டீச்சர் அவனோடு சேர்ந்தே கம்பெனிக்கு நடந்தார். ரவூப் பாய் முழுவதையும் கேட்டார். கத்தவில்லை. “கையில்லாத பனியனாவே போட்டுருவோம் மாஸ்டர். அக்குளை அகலமா வெட்டி, பட்டி வெச்சுத் தைங்க. பங்குனி வெயில் அடிக்குது, வாங்கறவங்கிட்ட நான் பேசிக்கறேன். ஆனா திங்கக்கிழமை ரயிலுக்குப் பார்சல் போயாகணும்” என்றார். பிறகு லிங்கசாமியைப் பார்த்து, “கைமடிக்கு ஆள் பத்தாது. உங்க பொண்ணக் கூட்டியாந்துருங்க. ரெண்டு நாள் வேலைதானே” என்றார்.

கைமடி என்பது டெய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓரத்தை மடித்துக் கொடுத்து, தைத்து வந்ததில் நூல் பிசிறு வெட்டுகிற வேலை. சின்ன விரல்தான் அதற்குத் தோது என்பார்கள். அவசரத்துக்கு இரண்டு நாள் என்று கூப்பிடுவார்கள். சனிக்கிழமை வந்தால் கூலி கையில் விழும். அப்புறம் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் திரும்பாது. அந்த வருசத்திலேயே டீச்சர் வகுப்பில் அப்படிப் போன பிள்ளைகள் உண்டு. வீடு தேடிப் போய்க் கேட்டால், “இந்த லாட்டுச் சரக்கு முடியட்டுமுங்க டீச்சர்” என்பார்கள். லாட்டு எப்போது முடிந்தது?

சாயங்காலம் டீச்சர் லிங்கசாமி வீட்டுக்குப் போனார்.

“முத்தாயிய அனுப்பாதீங்க” என்றார்.

“ரெண்டே நாளுங்க டீச்சர். முதலாளி கேட்டுப்போட்டாரு. என்ற புள்ளையால வந்த வெனை. எப்படி மாட்டேங்கறது?”

லிங்கசாமியின் பெண்சாதி கருப்பாத்தாள் அடுப்படியிலிருந்தே குரல் விட்டாள். “கட்டுக் கட்டி வேஸ்ட்டுக்குப் பக்கத்துல வெச்சது நீங்க. கொண்டாரச் சொன்னது டீச்சர். நடுவுல எட்டு வயசுப் புள்ள போய்க் கைமடி உக்காரணுமாக்கும்? நல்லா இருக்குது உங்க பஞ்சாயத்து!”

“நீ சும்மா இரு.”

“நான் சும்மாதான் இருக்கறேன். புள்ளையத்தான் இருக்க உட மாட்டீங்கறீங்க.”

டீச்சர் சொன்னார்: “அவங்களுக்கு வேணுங்கறது ஒரு ஆளுதானே? நான் வர்றேன்.”

லிங்கசாமி சிரித்துவிட்டான். டீச்சர் சிரிக்கவில்லை என்று கண்டதும் வாயை மூடிக்கொண்டான்.

வீட்டில் நாச்சிமுத்து கேட்டார், “படிச்சுப் பயிற்சி முடிச்சதெல்லாம் பிசிறு வெட்டறதுக்குத்தானா?” டீச்சர் பதிலுக்கு, “நாளைக்குச் சோறு நீங்களே வடிச்சுக்கங்க மாமா” என்றார். சென்னியப்பன் காதுக்கும் சேதி போய், “நகராட்சி டீச்சர் கம்பெனியில உக்காந்தா ஊரு என்னம்மா பேசும்?” என்று வீடு தேடி வந்தார். “பேசட்டுமுங்க சார். சனி, ஞாயிறு பள்ளிக்கூடம் இல்லையே” என்று அனுப்பி வைத்தார்.

சனிக்கிழமை காலையில் பொன்னாத்தாள் டீச்சர் கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில், கம்பெனித் தரையில், குமாரவேல் என்கிற டெய்லரின் மிஷினுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சுற்றிலும் கைமடிப் பிள்ளைகள். அதில் இரண்டு, அவர் வகுப்பில் இருந்து போனவை. டீச்சரைப் பார்த்ததும் அவை ஒன்றின் முதுகுக்குப் பின்னால் ஒன்று ஒளிந்துகொண்டன.

டெய்லர்களுக்கு இது போதாதா?

“டீச்சரு, ஸ்லேட்டு கொண்டாந்தீங்களா?”

“சத்தம் போடாதீங்கடா, பெஞ்சு மேல ஏத்திருவாங்க!”

டீச்சரும் சிரித்துக்கொண்டே மடித்தார். பாவம், வேலை வரவில்லை. மடித்தது கோணிக்கொண்டு போயிற்று. மிஷின் நின்று நின்று ஓடியது. குமாரவேலுக்குப் பொறுமை போய், “டீச்சரம்மா, இது உள்பக்கமுங்க. வெளிப்பக்கம் எது, உள்பக்கம் எதுன்னு உங்க பள்ளிக்கூடத்துல சொல்லித் தரலீங்களா?” என்றான். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

“நீ வந்திருந்தா சொல்லிக் குடுத்திருப்பேனே சாமி” என்றார் டீச்சர், அவரும் விளையாட்டாகவே.

குமாரவேல் மிஷினை ஓட்டியபடியே சொன்னான்: “வந்தேனுங்களே. மூணாவது வரைக்கும் வந்தேன். மார்கழியில ரெண்டு நாள் அவசரம்னு எங்கப்பன் இங்க கூட்டியாந்தாரு.”

அவனுக்கு அப்போது இருபத்தைந்து வயசுக்கு மேல் இருக்கும். இதற்கு யாரும் சிரிக்கவில்லை. கட்டிங் மேசையில் லிங்கசாமியின் கத்தரி நின்றது. நாற்காலியில் குனிந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த ரவூப் பாய் தலை நிமிர்ந்து, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டார். மிஷின்கள் மறுபடி ஓடின.

அப்புறம் குமாரவேல் கேலி செய்யவில்லை. “இப்படி நகத்தால ஒரு கோடு இழுத்துக்கங்க டீச்சர், தானா மடியும்” என்று காட்டினான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் டீச்சரின் மடிப்பு நேராயிற்று. விளக்கு வைக்கிற நேரத்தில் கடைசிக் கட்டும் கட்டியாகிவிட்டது. கையில்லாத பனியன் அத்தனையும் திங்கட்கிழமை ரயிலேறியது.

திங்கட்கிழமை காலை மணி அடிக்குமுன்னே லிங்கசாமி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்து வாசலில் நின்றான். “டீச்சர், இவளை அஞ்சாவது முடிக்கற மட்டும் கம்பெனிப் பக்கம் போசி கொண்டாரக்கூட உட மாட்டனுங்க. நானே வந்து தின்னுக்கறேன்” என்றான். டீச்சர், “வெயில்ல நடந்து வருவீங்களா, குடையாச்சும் எடுத்துக்கங்க” என்றார்.

வகுப்பில் சாக்பீஸை எடுத்தார். பிசிறுக் கத்தரி பிடித்துக் கட்டைவிரலில் கொப்புளம், பிடிக்க முடியவில்லை. “முத்தாயி, இங்க வா. தேதியும் கிழமையும் நீ எழுது” என்றார். அவளுக்குக் கை எட்டவில்லை. முக்காலியைப் போட்டு ஏறி நின்று, திங்கட்கிழமை என்று கோணல்மாணலாக எழுதினாள்.

பொம்மைச் சந்தையைப் பார்க்க அந்த வாரம் கம்பெனி ஆட்கள் சாப்பாட்டு நேரத்தில் வந்துபோனார்கள். ரவூப் பாய் தன் மனைவி ஜஹானாராவையும் கூட்டிக்கொண்டு வந்து, கோழிக்காரரை உற்றுப் பார்த்து, “என்ற சரக்கு ஜோராத்தான் இருக்குது” என்றார். ஒளிந்துகொண்ட இரண்டு பிள்ளைகளில் ஒன்றை அவரே சித்திரைக்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைத்தார். மற்றொன்று வரவில்லை. டீச்சருக்கு அது கடைசி வரைக்கும் வெசனம்தான்.

அதற்கப்புறம் பொன்னாத்தாள் டீச்சர் பன்னிரண்டு வருசம் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தார். களிமண்ணும் மைதாப் பசையும் நிற்கவில்லை. அவசர லாட்டுகளும் நிற்கவில்லை. ஆனால் இரண்டு நாள் என்று பிள்ளையை யாராவது நிறுத்தினால், டீச்சர் சாயங்காலம் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார். திட்டமாட்டார், புத்தி சொல்லமாட்டார். “ஆளுதானே வேணும், நான் வர்றேன்” என்பார். அதைக் கேட்ட பெற்றவர்கள் பதறிப்போய்ப் பிள்ளையை மறுநாளே அனுப்பிவிடுவார்கள். எல்லா வீட்டிலும் அது பலித்தது என்று சொல்ல முடியாது. பல வீட்டில் பலித்தது. கம்பெனிகளில் கைமடிக்கு ஆள் தேடும்போது, அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்றால் மேஸ்திரிகளே கையை உதறுவார்கள்:

“அக்கட்டால போங்கப்பா. பொறவு அந்த டீச்சர் வந்து உக்காந்துக்கும். அதுக்கு மடிக்கச் சொல்லிக் குடுக்கறதுக்குள்ள நம்ம ரயில் போயிரும்.”