கீழ்ப்பாதி இல்லாத ஆட்காட்டி

இங்கிலாந்தின் ஸ்கார்பரோவில் வில்ஃப் கார்பட்டின் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு உட்கார இடம் கிடைப்பதே பெரும்பாடு. பழைய நாட்காட்டி, பிஸ்கட் டப்பா மூடி, தேயிலைப் பொட்டலத்து அட்டை, எதை எடுத்தாலும் பறவை. எல்லாம் எந்தக் காலத்திலோ வரைந்த படங்களின் நகல்கள். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனிதருக்கு அசல் வாங்க வக்கேது? ஆனால் அந்தப் படத்தை முதலில் யார், எந்தப் புத்தகத்துக்காக வரைந்தார்கள் என்று துப்புத் துலக்குவதில் அவருக்கும் மனைவி ஐவிக்கும் அப்படியொரு பைத்தியம். மூலம் தெரியாத பறவைக்குச் சுவரில் இடமில்லை என்பது வீட்டுச் சட்டம்.

பிடிபடாமல் நின்றது ஒன்றே ஒன்று. சாப்பாட்டு மேசையில் தட்டுக்கு அடியில் போடும் அட்டையில் இருந்த ஆட்காட்டிக் குருவி. நீண்ட கொண்டை வைத்த ஆண்பறவை, இடப்பக்கம் குனிந்து எதையோ பார்க்கும். அதன் கால்விரலோடு படம் முடிந்துவிடும்.

ஐவியின் இதயம் பழுதாகிவிட்டதால் கட்டிலைக் கீழே கூடத்துக்கே இறக்கியிருந்தார்கள். வரப்போகும் வசந்தத்தைப் பற்றி டாக்டர் பேசுவதை நிறுத்திவிட்டார்.

"அது என்னத்தப் பாக்குதுன்னு தெரியாம நான் போக மாட்டேன் கிழவா," என்றாள் ஐவி.

"அப்ப நான் கண்டுபிடிக்கவே மாட்டேன்."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்க வெகுநேரம் பிடித்தது. விளையாட்டாகச் சொன்னாலும், அவளை ஏமாற்றத்தோடு அனுப்ப வில்ஃபுக்கு மனம் வரவில்லை.

அந்தக் காலத்தில் நகல் செதுக்கியவர்கள் கண்ணில் பட்டதை அப்படியே தகட்டில் செதுக்கிவிடுவார்கள். அச்சில் இடம் வலமாகிவிடும். இது வில்ஃபுக்கு மனப்பாடம். தெரிந்திருந்தும் இத்தனை வருடம் இடப்பக்கம் பார்க்கும் ஆட்காட்டிகளையே தேடியிருக்கிறார், மகானுபாவர்! உறைத்த அன்றே நூலகத்துக்கு ஓடி, முன்பு ஒதுக்கிய புத்தகங்களை மறுபடி கேட்டு வாங்கினார்.

மூன்றாவது புத்தகத்தில் இருந்தது. அதே கொண்டை, அதே குனிவு, ஆனால் வலப்பக்கம் பார்த்து. படம் கீழேயும் நீண்டது. புல்லில், குண்டடி பட்ட பெண்பறவை சிறகு விரிந்து செத்துக் கிடந்தது. செத்த பறவைமேல் தட்டை வைத்து யார் சாப்பிடுவார்கள்? அட்டை செய்தவர்கள் அதை வெட்டிவிட்டிருந்தார்கள். ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த ஓவியரின் பெயரைக் குறித்துக்கொள்ளக்கூட வில்ஃபுக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தவர் கோட்டைக் கழற்றாமல் கட்டில் ஓரம் உட்கார்ந்தார்.

"கெடச்சுதா?"

"கெடச்சுது. தண்ணியப் பாக்குது. சின்னக் குட்டை."

"குட்டையப் பாத்துட்டு வந்த மூஞ்சியா இது? பொய் சொல்லத் தெரியாத மனுஷா, உள்ளத சொல்லு."

சொன்னார்.

"செத்தது பொட்டையா?"

"ஆமா."

ஐவி ஜன்னல் பக்கம் பார்த்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது.

"அந்த ஆம்பளப் பறவை பறந்து போயிருக்கணும். சுட்டவன் அங்கனயேதான இருப்பான்? முட்டாப் பறவை." அவர் கையைப் பற்றினாள். "நான் போனதும் நீ ஹல் ஊருக்குப் போயிடு. உன் தங்கச்சி ரூம் தர்றேன்னாளே. இங்க ஒத்தையில குனிஞ்சுக்கிட்டு நிக்காத."

"சரி," என்றார் வில்ஃப்.

அன்று அவர் சொன்ன இரண்டாவது பொய் அது. அதை மட்டும் ஐவி கண்டுகொள்ளாமல் விட்டாள்.