தும்பாங் மாணவி

ராணுவத்தில் இருக்கும் என் தம்பிக்குக் கூச்சிங்கிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றல். அவன் மகளைப் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சண்டை போடத் தயாராகத்தான் போனேன். அலுவலகத்தில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "பேரு ஏற்கெனவே சிஸ்டத்துல வந்திருச்சி லா அக்கா. எப்ப வேணும்னாலும் வரச் சொல்லுங்க" என்றாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

எங்கள் காலத்தில் அப்படியா? அப்பாவும் ராணுவம்தான், கோப்ரல். மாற்றல் வந்தால் பச்சைத் தார்ப்பாய் போட்ட லோரி வாசலில் வந்து நிற்கும். தார்ப்பாய் வாடையும் அம்மாவின் மிளகாய்த்தூள் டின் வாடையும் கலந்து வரும் பாருங்கள், இன்றைக்கும் ஏதாவது கடைவாசலில் அந்த வாடை அடித்தால் லோரி வந்துவிட்டதா என்று திரும்பிப் பார்ப்பேன்.

அப்படித்தான் நான்காம் வகுப்பின் நடுவில் கிள்ளானுக்கு வந்தோம். வந்தோமே தவிர, பழைய பள்ளியின் மாறுதல் கடிதம் வரவில்லை. அது இல்லாமல் பதிவேட்டில் பெயர் எழுத முடியாது. தலைமையாசிரியர் தாடையைச் சொறிந்தார். "பரவால்ல, கடிதம் வர்ற வரைக்கும் பிள்ள தும்பாங்கா உக்காரட்டும்" என்றார். லோரியில் தும்பாங் போவது தெரியும். வகுப்பில் ஓசியாகத் தொற்றிக்கொள்வதை அன்றுதான் கேள்விப்பட்டேன். அப்பா காலை உதைத்து அவருக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

தும்பாங் வாழ்க்கை முதலில் சொர்க்கம். பேசுகிறவர்களின் பெயரை எழுதும் வகுப்புத் தலைவன் என்னையும் எழுதினால், "அவதான் லிஸ்ட்லயே இல்லையே" என்று மற்றவர்கள் எனக்காக வாதாடினார்கள். பல் பிடுங்கும் நர்ஸ் மிஸ்ஸி வந்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது வகுப்பே நடுங்கியது. நான் மட்டும் என் சொத்தைப் பல்லோடு நிம்மதியாக இருந்தேன்.

விளையாட்டுப் போட்டி வந்ததும் சொர்க்கம் கசந்துவிட்டது. நான் நன்றாக ஓடுவேன். பெயர் இல்லாதவள் எப்படி ஓடுவது? ஓடியவர்கள் காலிலிருந்து கழற்றிப்போட்ட சப்பாத்துகளுக்குக் காவல் இருந்தேன். அதற்குப் பிறகு காலையில் டீச்சர் பெயர் கூப்பிட ஆரம்பித்தாலே காதைத் தீட்டிக்கொள்வேன். ஒரே ஒரு நாள் என் பெயரையும் கூப்பிட்டால் போதும், பல்லைக்கூடப் பிடுங்கிக்கொள்ளட்டும் என்று இருந்தது.

ஒருவழியாகக் கடிதம் வந்தது. அதே வாரம் அப்பாவுக்கு அடுத்த மாற்றலும் வந்தது. வெள்ளிக்கிழமை கிளம்புகிற பிள்ளைக்குப் பதிவேடு எதற்கு என்று டீச்சர் விட்டிருக்கலாம். விடவில்லை. கடிதம் வந்த மறுநாளே கடைசிப் பெயருக்குப் பிறகு நிமிர்ந்து பார்த்து என் பெயரைக் கூப்பிட்டார். எனக்குத்தான் பழக்கமில்லையே, வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

"டீச்சர், அவ தும்பாங்!" என்று வகுப்பே கத்தியது.

"இனிமே இல்ல" என்றார் டீச்சர். "பேரு கூப்பிட்டா எழுந்து பதில் சொல்லணும்மா."

எழுந்தேன். அப்பாவைப் போலவே காலைத் தரையில் உதைத்து, "உள்ளேன் டீச்சர்!" என்று அலறினேன். பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். டீச்சரே சிரித்துவிட்டார்.

இப்போதெல்லாம் வருகையை டீச்சர்கள் போனில் தட்டிவிடுகிறார்களாம். எந்தப் பிள்ளையும் தும்பாங்காக உட்காருவதில்லை, நல்லதுதான், சந்தோஷம்தான். ஆனால் யார் பெயரையும் யாரும் வாய்விட்டுக் கூப்பிடுவதும் இல்லை. அந்த ஒரு காலையை நினைத்தால், எனக்குப் பாவமாக இருப்பது இந்தக் காலத்துப் பிள்ளைகள்தான்.