நெயில் பாலிஷ் வைத்த ஆம்ப்ளிஃபயர்

எங்கள் துடியலூர் வீட்டுக் கூடத்தில், சோபாவை ஒட்டி, ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. பாடாது. அது பாடி இருபது வருடத்துக்கு மேலாகிறது. சாம்பல் நிறத் தகரப் பெட்டி, இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் அதை நகர்த்தி வைக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். அதன் பின்மூடியில் மூலைக்கு ஒன்றாக நான்கு ஸ்குரூக்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சொட்டுச் சிவப்பு நெயில் பாலிஷ். விஷயம் தெரிந்தவர்கள் யாராவது வீட்டுக்கு வந்தால் போதும், காபி ஆறுவதுகூடத் தெரியாமல் அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவார்கள். இந்த மாதிரி இப்போதெல்லாம் கிடைக்காதுங்க, உள்ளே நாலு கண்டன்சரை மாற்றினால் டோன் சும்மா அள்ளிக்கொண்டு போகும் என்பார்கள். டோன் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குத் தலை சூடாகிவிடும். அந்த ஒரு சொல்லோடு நான் பல வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகிக் கணபதி என்ற ஊருக்கு வந்தேன். மாமனார் அப்போதுதான் தன் மோட்டார் வைண்டிங் பட்டறையை மகனிடம், அதாவது என் கணவரிடம், விட்டிருந்தார். கருகிப்போன பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, பழைய காயிலை உருவி எறிந்துவிட்டுப் புதுச் செம்புக்கம்பி சுற்றிக் கொடுப்பதுதான் அவர் காலமெல்லாம் செய்த வேலை. சுற்றி முடித்த மோட்டாரின் போல்ட்டுகளில் ஒரு சொட்டுச் சிவப்புப் பெயிண்ட் வைத்து அனுப்புவது பட்டறை வழக்கம். அந்தப் பெயிண்ட் உடைந்திருந்தால் வேறு யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். கேரண்டி கிடையாது. எத்தனை கெஞ்சினாலும் மாமனார் அதில் மசியமாட்டார். அப்படிப்பட்டவர் சும்மா உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, தொண்டாமுத்தூர்ப் பக்கம் மூடிப்போன ஒரு டெண்ட் சினிமாக் கொட்டாயிலிருந்து இந்தச் சனியன் வந்து சேர்ந்தது.

முதல் நாள் அது பாடியது தொண்டாமுத்தூரில் எங்கள் தோட்டத்து வீட்டில். நான் புது மருமகள். மாமனார் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூலின் மேல் ஆம்ப்ளிஃபயரை வைத்து, பேட்டரி செல் போட்ட டேப் ரெக்கார்டரை அதில் மாட்டினார். சாயங்கால நேரம். சுற்றிலும் எல்லாத் தோட்டத்திலும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் வீட்டு பல்பு தீக்குச்சி அளவுக்குத்தான் எரிந்தது. பழைய பாட்டு ஒன்று கிளம்பியது. பாடியவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. ஆனாலும் எதுவும் காதை உறுத்தவில்லை, வெண்ணெயில் வழுக்கிக்கொண்டு வருவதுபோல் வந்தது. மாமியார் கையில் முறத்தோடு வெளியே வந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சாப்பிடுவதுகூட நின்றபடிதான். அன்றைக்கு முறத்தைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலில் மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாட்டு முடிகிறவரை எழுந்திருக்கவில்லை. மாமனாரும் அசையவில்லை. நோண்டுவதற்கு அவர் கையில் அன்றைக்கு ஒரு ஸ்குரூடிரைவர்கூட இல்லை. எல்லாச் சாமானும் பட்டறையில் இருந்தது.

மறுவாரம் ஆம்ப்ளிஃபயர் கணபதி வீட்டுக்கு வந்தது. அதே பாட்டு, அதே டேப். ஆனால் சத்தம் மட்டும் தகரத்தில் கல்லைப் போட்டு ஆட்டியதுபோல் இருந்தது. மாமியார் கதவருகே வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். வண்டியில் குலுங்கியதில் உள்ளே என்னவோ ஆகியிருக்கும் என்று சொல்லி மாமனார் பின்மூடியைக் கழற்றினார். அந்த மூடியை மறுபடி சரியாக மாட்டி நான் பார்க்க வருடக்கணக்காயிற்று.

முதலில் கண்டன்சர்களை மாற்றினார். பிறகு ரெசிஸ்டர்கள். உக்கடத்தில் பழைய ரேடியோச் சாமான் விற்கும் பாய் கடைக்கு வாராவாரம் போய், பழந்துணியில் சுற்றிய வால்வுகளைக் கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். ஸ்பீக்கருக்குப் போகும் டிரான்ஸ்ஃபார்மரைத் தானே சுற்றுகிறேன் என்று இறங்கினார். பம்புசெட்டுக்குச் சுற்றிப் பழகிய கை, கம்பியைக் கனமாகவே போட்டுவிட்டது. கடைசியில் அது பெட்டிக்குள் அடங்காமல், தனியாக ஒரு முக்காலியில் வீற்றிருந்தது. கூடம் முழுக்க ஈயப்பற்று வாடை. கால் வைக்கும் இடமெல்லாம் கம்பித் துண்டு. மார்கழிக் குளிரில் மாவு புளிக்கவில்லையென்றால் மாமியார் பாத்திரத்தைக் கொண்டுவந்து, சூடாக இருக்கும் ஆம்ப்ளிஃபயரின் மேல் வைத்துவிட்டுப் போவார். அந்த வீட்டில் அந்தப் பெட்டியால் விளைந்த ஒரே உபயோகம் அதுதான் என்று நான் என் கணவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

வருகிறவர்கள் எல்லோரிடமும் மாமனார் டோன் எப்படி என்று கேட்பார். எங்கள் பக்கத்து ஆட்களிடம் கேட்டால் வேறென்ன வரும். பால்காரரிலிருந்து சம்பந்தி வரை எல்லோரும், நல்லா இருக்குதுங்க என்றார்கள். அதைக் கேட்கக் கேட்க அவர் முகம் வாடியது. ஒருநாள் பள்ளிக்கூடத்து விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த என்னைக் கேட்டார். எனக்கு அன்றைக்கு என்ன எரிச்சலோ, வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"நல்லா இல்லீங்க மாமா. தோட்டத்துல கேட்டது வேற."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். புதையல் கிடைத்தவர்போலச் சிரித்தார். அன்றோடு என் சாயங்காலங்கள் போயின. ரசம் கொதிக்கும்போது, குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது, எந்த நேரமானாலும் கூடத்திலிருந்து குரல் வரும்: "கண்ணு, சித்த வந்து கேட்டுப்போட்டுப் போ." நான் போய் நின்று கேட்பேன். போன வாரத்துக்கு இந்த வாரம் எப்படி, இந்த வால்வுக்கு அந்த வால்வு எப்படி என்று பரீட்சை நடக்கும். எனக்குச் சங்கீதம் தெரியாது. இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்று சொன்னால், இன்னொருமுறை கேள் என்பார்.

ஆனால் கொஞ்ச நாளிலேயே ஒன்றைக் கவனித்தேன். பாட்டு ஓடும்போது அவர் கண் என் முகத்தில் இருக்காது, சமையலறைக் கதவில் இருக்கும். மாமியார் மறுபடி ஒருமுறை வந்து பக்கத்தில் உட்கார வேண்டும். இத்தனை கூத்தும் அதற்குத்தான். அது புரிந்த பிறகு என் எரிச்சல் குறைந்திருக்க வேண்டும், கூடித்தான் போயிற்று. அத்தையையே கூப்பிட்டுக் கேட்கலாமே என்று ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னேன். அவளுக்கு வேலை இருக்குது கண்ணு என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். அவள் தானாக வரவேண்டுமாம். எனக்கு மட்டும் வேலையே இல்லைபோல.

ஒரு கோடைச் சாயங்காலம் தெருவுக்கே கரண்ட் இறங்கிப்போனது. டியூப்லைட் பிடிக்கவில்லை, மிக்ஸி முனகியது. ஆம்ப்ளிஃபயர் ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் பதறி எழுந்து சுவிட்சை அணைக்கப் போவதற்குள் ஒரு நிமிடம், ஒரே நிமிடம், தோட்டத்தில் கேட்ட அந்தக் குரல் வந்துவிட்டது. நான் கரண்டியோடு கூடத்துக்கு ஓடினேன். மாமா, கரண்ட் கம்மியானால்தான் இது நன்றாகப் பாடுகிறது, தோட்டத்திலும் அன்றைக்கு லோ வோல்டேஜ்தான் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அவர் ஆயுளில் பார்த்த அத்தனை கருகல் மோட்டாரும் லோ வோல்டேஜால் கருகியவை. அந்த எதிரியிடமிருந்து ஒரு நல்லது வரும் என்று நேற்று வந்த மருமகள் சொல்வதா?

"வோல்டேஜ் கம்மியானா மோட்டாரு கருகும் கண்ணு. பாட்டு இனிக்குமா?"

சொன்னதோடு விடவில்லை. மறுநாளே பட்டறையிலிருந்து ஒரு ஸ்டெபிலைசரைக் கொண்டுவந்து ஆம்ப்ளிஃபயருக்கு மாட்டினார். இனிமேல் தெருவே மங்கினாலும் அதற்கு மட்டும் முழுக் கரண்ட் போகும். தகரச் சத்தமும் நிரந்தரம். எனக்கு வந்த ஆத்திரத்தில், இனி என்னைக் கூப்பிடாதீங்க மாமா, எனக்குக் காது வலிக்குது என்று சொல்லிவிட்டேன். சில வாரம் நாங்கள் இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவே இல்லை.

பிறகு ஒருநாள் அவர் பட்டறைக்குப் போய்ப் பகல் முழுக்க உட்கார்ந்து என்னவோ சுற்றினார் என்று என் கணவர் வந்து சொன்னார். சாயங்காலம் ஸ்டெபிலைசர் இருந்த இடத்தில் செங்கல் அளவில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. கரண்டைக் குறைத்துக் கொடுப்பதற்கென்றே சுற்றியது. நான் சொன்னது சரி என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. டேப்பைத் தட்டினார். தோட்டத்து வீட்டு வாசலில் கேட்ட பாட்டு, அதே மூச்சோடு, எங்கள் கணபதிக் கூடத்தில் கேட்டது. மாமனார் எல்லாச் சாமானையும் கீழே போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். சற்று நேரத்தில் மாமியார் ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

பாட்டு முடிந்தது. மாமனாரால் அடக்கமுடியவில்லை. அத்தனை வருடத்தில் முதல் முறையாக மாமியாரிடமே கேட்டார்.

"எப்பிடி இருக்குது அம்மிணி, டோனு?"

மாமியாருக்குக் கேள்வி புரியவே கொஞ்ச நேரமானது. "டோனெல்லாம் எனக்கென்னங்க தெரியும். அன்னைக்குத் தோட்டத்துல இதைய நோண்டாம சும்மா உக்காந்திருந்தீங்க. இன்னைக்கும் உக்காந்தீங்க. அதான் வந்தேன்" என்றார்.

மாமனார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கண்டன்சரும் வால்வும் உக்கடத்துப் பயணங்களும், கொதித்து வீணான என் ரசமும், நான் கண்டுபிடித்த லோ வோல்டேஜும் அத்தனையும் வீண். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. அவருக்கு அப்போதும் சந்தேகம் தீரவில்லை. மாமியார் எழுந்து போன பின் குரலைத் தாழ்த்தி, "அப்பவும் டோனு நல்லா இருக்குதா இல்லியான்னு சொல்லவே இல்லை பாத்தியா கண்ணு" என்றார்.

மறுநாள் காலை மாமியார் என்னிடம் நெயில் பாலிஷ் இருக்கிறதா என்று கேட்டார். அவர் பூசமாட்டாரே என்று யோசித்தபடி எடுத்துக் கொடுத்தேன். நேரே கூடத்துக்குப் போனார். பின்மூடியை எடுத்து வைத்து, மாமனாரின் ஸ்குரூடிரைவராலேயே நான்கு ஸ்குரூவையும் இறுக்கினார். பிறகு ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டு வைத்தார். பல் தேய்த்துக்கொண்டிருந்த மாமனார் நுரை வாயோடு பார்த்துக்கொண்டு நின்றார். மாமியார் ஒன்றும் விளக்கவில்லை. பட்டறைக்காரருக்கு விளக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஒரு பாட்டு, இரண்டு பாட்டு, அவ்வளவுதான். நானும் என் விடைத்தாள்களை நிம்மதியாகத் திருத்தினேன். தொண்ணூறுகள் முடிவதற்குள் மாமியார் போய்விட்டார். சின்னக் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்குச் சில மாதம் கழித்து ஆம்ப்ளிஃபயரும் ஒருநாள் பாதிப் பாட்டில் நின்றது. நன்றாக இருந்தபோதெல்லாம் கழற்றிக் கழற்றிப் போட்ட மனிதர், நிஜமாகவே கெட்டுப்போனபோது தொடவில்லை. பாட்டு நின்றுபோன கூடத்தில், அதன் பக்கத்திலேயே தினமும் வந்து உட்கார்ந்தார். பார்க்கப் பொறுக்காமல் நான் சண்டை பிடித்தேன். அரை மணி நேர வேலைதானுங்களே மாமா, கழற்றிப் பாருங்கள் என்று ஸ்குரூடிரைவரைக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். வாங்கிப் பக்கத்தில் வைத்தார்.

"சீலு ஒடஞ்சா கேரண்டி போயிரும் கண்ணு" என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இந்த மனிதரோடு எந்தக் காலத்திலும் பேசி ஜெயிக்க முடியாது என்று உள்ளே போய்விட்டேன். அவரும் போய்ப் பல வருடமாகிறது. வீடு மாறித் துடியலூருக்கு வந்தபோது, பாடாத பெட்டியைத் தூக்கிச் சுமந்துகொண்டு வந்ததும் நான்தான்.

என் கணவர் இப்போது பட்டறையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார். கை துறுதுறுக்க ஆரம்பித்துவிட்டது. போன வாரம் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கண்டன்சர்தான் போயிருக்கும், மாற்றிவிட்டுக் கொஞ்சம் டோனையும் சரி பண்ணிவிடுகிறேன் என்றார். நகத்தால் சுரண்டினால் உதிர்ந்துவிடும் அந்த நான்கு சொட்டுச் சிவப்பும் அப்படியே இருந்தன. கேரண்டி இன்னும் முடியலீங்க, வந்து இப்படி உட்காருங்க என்று சொல்லிவிட்டு, அவர் கையிலிருந்த ஸ்குரூடிரைவரை வாங்கிச் சமையலறையில் கொண்டுபோய் வைத்தேன்.