மேசைப் பூவின் உயரம்

கத்திரி அக்கா என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் வீட்டைக் காட்டுவார்கள். கர்ட்டன் தைக்கும் கடையில் வேலை. கத்திரிக்கோலை நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டியபடியே காய் வாங்கப் போய்விடுவாள். பாதி வழியில் யாராவது சிரித்தால்தான் நினைவு வரும். நகைநட்டில் ஆசையில்லாத பொம்பளை. ஒரே ஒரு கிறுக்கு உண்டு: வீட்டுக்கு யாராவது சாப்பிட வந்தால் மேசை நடுவில் பூ வைத்தாக வேண்டும், அதுவும் தன் கையால்.

அகலமான பீங்கான் கிண்ணம், அதற்குள் பந்தாகச் சுருட்டிய கம்பிவலை. அதன் கண்களில் காம்புகளை ஒவ்வொன்றாகச் செருகுவாள். காம்பைத் தண்ணீருக்குள் வைத்தேதான் வெட்டுவாள், அதுவும் சாய்வாக. தண்ணீரில் முங்கும் இலை ஒன்றைக்கூட விடமாட்டாள், அழுகிவிடுமாம். வாசனை தூக்கலான பூவுக்குச் சாப்பாட்டு மேசையில் இடமே கிடையாது. எல்லாவற்றையும்விட முக்கியம் உயரம். மேசையில் முழங்கையை ஊன்றிக் கையை நிமிர்த்திப் பார்ப்பாள். பூ மணிக்கட்டைத் தாண்டக் கூடாது. "மூஞ்சி பாத்துப் பேசத்தானே கூப்பிடுறோம்? நடுவுல காட்டை வளத்தா எப்படி?" என்பாள்.

"விருந்து பூவுக்கா, எங்களுக்கா?" என்று கேலி செய்துகொண்டே தண்ணீர் எடுத்துக் கொடுப்பார் அவள் கணவர், பஸ் டிரைவர்.

அந்த மனுஷனுக்குத்தான் பக்கவாதம் வந்தது. கால் ஓரளவு திரும்பியது. பேச்சும் இழுத்து இழுத்துத் திரும்பியது. வாயின் வலது ஓரம் மட்டும் தொங்கியது தொங்கியதுதான். எதைச் சாப்பிட்டாலும் அந்த வழியாக வழியும். அதோடு ஆட்கள் முன்னால் சாப்பிடுவதையே விட்டுவிட்டார். வாசலில் சத்தம் கேட்டால் போதும், உள்ளறைக் கதவு சாத்திக்கொள்ளும். அவளும் கிண்ணத்தை அலமாரியின் மேல்தட்டில் தூக்கி வைத்துவிட்டாள்.

அவரோடு ஒரே பஸ்ஸில் பாதி ஆயுளை ஓட்டிய கண்டக்டர் எத்தனையோ தடவை வந்து, சாத்திய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். ஒருநாள் போன் பண்ணினார். "அண்ணி, மகன்கூட வெளிநாட்டுக்கே போயிடப் போறேன். போறதுக்கு முன்னாடி அண்ணன்கூட உக்காந்து ஒரு வாய் சாப்பிடணும்."

"ஞாயித்துக்கிழமை வாங்க தம்பி" என்று அவள் சொல்லிவிட்டாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்று டிரைவர் பொங்கினார். "அவன் முன்னாடி வழிய வழிய உக்காரணுமா நான்?"

"இந்தத் தடவையும் உள்ள போய்ப் படுத்தீங்கன்னா, அப்புறம் ஒருத்தரும் வரமாட்டாங்க. நாம ரெண்டு பேரும் சுவத்தையே பாத்துக்கிட்டுக் கிடக்க வேண்டியதுதான்." கெஞ்சினாள், சண்டை போட்டாள், கடைசியில் அழுதாள். "சரி, பார்க்கலாம்" என்றார். அவளுக்கு அது போதும். அன்றைக்கு இவர் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்துவிட்டால் மனுஷர் மீண்டுவிடுவார். இல்லையென்றால் அவ்வளவுதான் என்று அவள் மனசு அடித்துச் சொன்னது.

ஞாயிறு காலை கிண்ணம் கீழே இறங்கியது. நீளக் காம்பு ரோஜா, வெள்ளைச் சாமந்தி, பின்னால் பரப்ப இலைக் கொத்து. இத்தனை வருஷமாக முழங்கை வைத்து அளந்தவள் அன்றைக்கு அளக்கவே இல்லை. அவர் நாற்காலியில் தலை உயரத்துக்குத் தலையணையை நிமிர்த்தி வைத்தாள், கண்டக்டர் உட்காரப் போகும் எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். தலையணையின் ஓரம் தெரிந்தது. எழுந்து இன்னும் நாலு கொத்து செருகினாள். திரும்ப உட்கார்ந்து பார்த்தாள். இப்போது தலையணை தெரியவில்லை. அப்பாடா என்று இருந்தது. எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்!

கண்டக்டர் வந்தார். டிரைவரும் சுவரைப் பிடித்தபடி வந்து உட்கார்ந்துவிட்டார். அவள் சூப்பை ஊற்றினாள். கண்டக்டர் இடது பக்கம் சாய்ந்தார், வலது பக்கம் எட்டினார். "அண்ணே, எங்க இருக்கீங்க? ஹாரன் அடிங்க!" என்று சிரித்தார்.

டிரைவர் சிரிக்கவில்லை. பூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊருக்கெல்லாம் கர்ட்டன் தைக்கிறவ, எனக்கும் ஒண்ணு போட்டுட்டா" என்றார் மெல்ல. பிறகு அவளைப் பார்த்து, "வெக்கம் யாருக்கு? எனக்கா, உனக்கா?"

உங்களுக்காகத்தானே என்று சொல்ல வாய் எடுத்தாள். ஆஸ்பத்திரி கேன்டீனில் நாலு பேர் திரும்பிப் பார்த்தபோது, பாய்ந்து அவர் வாயைத் துடைத்தது ஞாபகம் வந்தது. அவர் கேட்கவில்லை, இவளாகத்தான் துடைத்தாள், குழந்தைக்குத் துடைப்பதுபோல அழுத்தி. அவர் யாரோடும் சாப்பிடாமல் போனது அன்றிலிருந்துதான்.

"எனக்குத்தாங்க" என்றாள். கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவசரமாகக் கிண்ணத்தைத் தூக்கப் போனாள்.

"விடு. அழகா இருக்கு, இருக்கட்டும்." மேசையைப் பிடித்து எழுந்தார். தாங்கப் போன கண்டக்டரைக் கையாலேயே தடுத்தார். காலை இழுத்து இழுத்து மேசையைச் சுற்றி வந்து, கண்டக்டருக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்து, தொங்கும் கன்னம் அவர் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தார். "என் தட்டை இங்க தள்ளுடா. வெளிநாட்டுல நீ போய் என்ன கிழிக்கப் போற? அதைச் சொல்லு."

அவள் காலியான அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். பூவுக்கு இந்தப் பக்கம் அவள் ஒருத்திதான். அழுதாள், அந்தப் பக்கம் யாருக்கும் தெரியவில்லை.

கரண்டிச் சத்தம் கேட்டது. "வழியுது அண்ணே" என்றார் கண்டக்டர்.

"வழியட்டும். நீ சொல்லு."

அவள் கை தானாகத் துணியை எடுத்துவிட்டது. எழுந்திருக்கவில்லை. துணியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.