வெகுதூரத்துக் கோட்டை

"தாதா, ரிப்போர்ட் எத்தினி மணிக்கு?"

வேலூர் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ ஏறுகிற யாரிடமும் ஜெயசீலன் முதலில் கேட்பது இதைத்தான். தாதா என்றால் வங்காளத்தில் அண்ணன். எங்கே போக வேண்டும் என்று கேட்பதே இல்லை. இரண்டு நாள் ரயிலில் வந்து, ரத்தம் கொடுத்து, ஸ்கேன் எடுத்து, முடிவு வரும்வரை லாட்ஜ் சுவரை வெறித்துக்கொண்டிருக்கும் வங்காளிகளுக்கும் பீகாரிகளுக்கும் அது எப்படித் தெரியும் என்பது அவர் கட்சி. இரண்டு மணி நேரம் இருந்தால் கோட்டை. அரைநாள் என்றால் ஸ்ரீபுரம் பொற்கோயில். நாளைக்குத்தான் ரிப்போர்ட் என்றால் ஏலகிரி. பாதி மலையில் ஆட்டோவுக்கு மூச்சு வாங்கும், இறங்கித் தள்ள வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

"ரிப்போர்ட் கைக்கு வந்துட்டா மட்டும் ஒண்ணும் காட்டக் கூடாதுபா. கண்ணு தொறந்துனுதான் இருக்கும். ஒண்ணும் பாக்காது."

பன்னிரண்டு வருடம் ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருந்தவர். அதனால் ஆளின் முகத்துக்கு முன்னால் காலைப் பார்ப்பார். மனைவி மேகலா இன்னும் அதே கம்பெனியில் தைக்கிறார். "ஊரு பேரு தெரியாதவனை எல்லாம் ஏலகிரிக்கு இட்டுனு போற. என்னை ஒரு நாளு போனியா?" என்று அவர் கேட்கும்போது மட்டும் ஜெயசீலனுக்கு ஆட்டோ டயரில் காற்று கம்மியாக இருப்பது ஞாபகம் வரும்.

ஜெயசீலன் ஜோலார்பேட்டையைத் தாண்டியதில்லை. ஆனால் நாடு முழுக்க அத்துப்படி, நோய்வாரியாக. தாஜ்மகால் தைராய்டு. சிரபுஞ்சி, வயிற்றில் கட்டி. கோனார்க் கோயில், கிட்னியில் கல், மூன்றாம் நாளே சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனது. சவாரி வருகிறவர் தன் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று ஒன்றாவது சொல்லியாக வேண்டும். அதெல்லாம் அவர் தலைக்குள் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். காஞ்சன்ஜங்கா அவரைப் பொறுத்தவரை அசாமில் இருக்கிறது. ஸ்டாண்டில் சக டிரைவர் அப்துல் ஹமீத் விடமாட்டார்.

"இன்னா தோஸ்த், காஞ்சன்ஜங்காவுக்கு எங்க எறங்கணும்?"

"காட்பாடில ஏறி, தூங்கிடு. குளுருச்சின்னா எறங்கிடு."

போன வாரம் ஒரு மத்தியானம், ஒன்றரை மணிக்கு, நாற்பது வயது மனிதர் ஒருவர் ஓடிவந்து ஏறினார். ஜெயசீலன் காலைப் பார்த்தார். ஒரு காலில் தோல் செருப்பு, மறு காலில் நீல ரப்பர் செருப்பு. வார்டு வாசலில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"தாதா, ரிப்போர்ட்..."

"தூர்," என்றார் அவர். "பஹுத் தூர்." ரொம்பத் தூரம் போக வேண்டுமாம்.

கையில் மடித்த மஞ்சள் தாள். ஜெயசீலனுக்கு அந்தத் தாள் தெரியும். நாளைக் காலையில் மனைவிக்கு ஆபரேஷன்; இன்று நாலு மணிக்குள் புருஷன் கையெழுத்து வேண்டும். இல்லையென்றால் தேதி தள்ளிப்போகும், தள்ளிப்போகிற தேதி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அவர் பெயர் பிமல். ஊர் வங்காளத்து முர்ஷிதாபாத். பாதி இந்தி, பாதி கையாட்டம். நான் கையெழுத்துப் போட்டு, அவள் திரும்பி வராவிட்டால், அனுப்பியவன் நான்தானே என்று கேட்டார். ஜெயசீலன் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: உங்க ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?

ஆயிரம் வாசல் வைத்த அரண்மனை இருக்கிறதாம். அதில் நூறு வாசல் பொய்யாம். கதவு மாதிரியே இருக்கும், திறந்தால் சுவர்.

"பொய்க் கதவா! எதுக்கு?"

"உள்ள வந்தவன் ஓடும்போது குழம்பணும்னு."

ஜெயசீலன் ஆட்டோவைக் காட்பாடிப் பக்கம் விட்டார். மனிதர் கேட்பது தூரம். கொண்டுபோனால் நாலு மணி போய்விடும். திருப்பினால் குதித்துவிடுவார். இவருக்கு நல்லது எது, நாம் யார் அதைச் சொல்ல? காட்பாடி பாலம் வரை குழம்பியபடியே போனார். பாலம் தாண்டியதும் மெல்ல வளைத்துத் திருப்பினார். சத்துவாச்சாரி, பாகாயம், தொரப்பாடி என்று பெயர்ப்பலகை இல்லாத தெருக்களாகப் பார்த்து ஒரு மணி நேரம் சுற்றி, ஆஸ்பத்திரியிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிற வேலூர் கோட்டையின் அகழி ஓரம் நிறுத்தினார். ராத்திரி ரயிலில் வந்து வார்டைத் தவிர எதையும் பார்க்காத மனிதருக்கு எந்தக் கோட்டையாக இருந்தால் என்ன?

"நாப்பது கிலோமீட்டர் தாதா," என்றார், கண்ணைப் பார்க்காமல். "திப்பு சுல்தான் இங்கதான் படிச்சாரு." சிறையிருந்தது திப்புவின் பிள்ளைகள். ஆனால் பொய் சொல்ல ஆரம்பித்தபிறகு ஒன்றோடு நிறுத்துவது அவருக்கு வராது. "தண்ணில அப்ப முதலை ஜாஸ்தி."

பிமல் புல்லில் உட்கார்ந்து, இல்லாத முதலையைத் தண்ணீரில் தேடினார். மூச்சு கொஞ்சம் இறங்கியது. நாலைந்து முறை அடித்து ஓய்ந்த போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை எடுத்தார். மனைவி. இங்கே ரொம்பத் தூரத்தில், பெரிய கோட்டையில் இருக்கிறேன் என்றார். அந்தப் பக்கம் யாரிடமோ எதையோ கேட்கிற சத்தம். அப்புறம் சிரிப்பு. இருமல் கலந்த, நிற்காத சிரிப்பு, ஜெயசீலனுக்கே கேட்டது.

பிமல் போனை இறக்கினார். "கோட்டை பக்கத்துலதான் இருக்காம். நர்ஸ் சொல்றாளாம்."

ஜெயசீலன் பின்மண்டையைச் சொறிந்தார். "தப்புதான் தாதா. மணி மூணே காலு ஆவுது. தூரமா இட்டுனு போறதா, ஆஸ்பத்திரிக்கே திருப்பறதான்னு எனக்கே பேஜாரா இருந்திச்சு."

பிமல் அடிக்கப்போகிறாரா அழப்போகிறாரா என்று தெரியவில்லை. அவருக்கும் தெரிந்த மாதிரி இல்லை. எழுந்தார். ஆட்டோவைத் தாண்டி நேராக ரோட்டை நோக்கி நடந்து, விளிம்பில் நின்றுவிட்டார். எதிர்ப்பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போகிற தெரு; நடுவில் எதிரும் புதிருமாக பஸ்கள். ஒரு கையில் மஞ்சள் தாள். மறு கை, திரும்பிப் பார்க்காமலே பின்னால் துழாவி, ஜெயசீலனின் காக்கிச் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டது.

ஜெயசீலன் சாவியை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு ரோட்டில் இறங்கி, இரண்டு பேரும் கடப்பதற்காக, வருகிற பேரணாம்பட்டு பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.