ஐந்து பூஜ்யம்

அந்த ஆராய்ச்சிக்காரியை எனக்கு இன்றுவரை பிடிக்காது. எங்கள் ஏரிக்கரையில் இருக்கும் டச்சுக்காரர் கல்லறைகளைப் படம் பிடித்த கையோடு எங்கள் ஊர்ப் பால்வாடிக்குள் நுழைந்தாள். நான்கு வயதுக் குழந்தைகளின் பேச்சு வளர்ச்சியை அளக்க வந்தாளாம். மதிப்பெண் குறைந்தால் பேச வராத பிள்ளைகளுக்காகப் பொன்னேரியில் நடக்கும் தனி வகுப்புக்கு எழுதிவிடுவார்கள் என்று பால்வாடி ஆயா சொல்லியிருந்தார். என் மகளோ சரியான வாயாடி. தெனாவட்டாகத்தான் போய் உட்கார்ந்தேன்.

ஐந்து கேள்விகள். அப்பா எங்கே போயிருக்கிறார், எதில் போனார், என்ன கொண்டு வருவார் என்று ஐந்தும் அப்பாவைப் பற்றியே. எல்லாக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் என்று தேர்ந்தெடுத்தாளாம். மகள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு ஏதாவது கேட்கச் சொன்னேன். எல்லாரிடமும் ஒரே கேள்விகளைத்தான் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது, தாய் நடுவில் பேசக்கூடாது, அதுதான் முறை என்றாள். முறையாம் முறை. ஐந்து பூஜ்யம் போட்டாள்.

ஆண்கள் மீன் பிடிக்க ஏரிக்குப் போனால், கரை திரும்பும்வரை எங்கே வலை போடுகிறார்கள், என்ன கொண்டு வருவார்கள் என்று எங்கள் வீடுகளில் யாரும் வாய் திறக்கமாட்டோம். சொன்னால் வலை காலியாக வரும். இதை அவளுக்கு விளக்கினேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அதுக்கு இதுல கட்டம் இல்லைங்க."

மரியாதையை விட்டேன்.

"இன்னா பெரிய கட்டம்? நானே சொல்றேன், எழுதிக்கோ. இவ நைனா இன்னிக்கு..."

மகள் பாய்ந்து வந்து இரண்டு கையாலும் என் வாயைப் பொத்தினாள்.

"சொல்லாதம்மா. நைனா செத்துடும்."

ஒருமுறை கடைத்தெருவில் நைனா வலை போடும் இடத்தை மகள் உளறிவிட்ட ஆத்திரத்தில், இனிமேல் சொன்னால் நைனா உயிரோடு திரும்பமாட்டார் என்று நான்தான் அடித்துச் சொல்லியிருந்தேன். காலி வலையெல்லாம் குழந்தைக்குப் புரியாதென்று நானாகச் சேர்த்தது அது. கேள்வி நேரம் முழுக்க அவள் அப்பாவின் உயிரைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஆராய்ச்சிக்காரி எதையும் திருத்தாமல் தாளை மடித்தாள். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதில் பாதி என்னையே திட்டிக்கொண்டது.

ஒரு வருடம் அந்தத் தனி வகுப்புக்கு மகளோடு பொன்னேரி பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவள் வாய் ஓயாது. நைனா பேச்சை எடுத்தால் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.